ராகுகாலம் படிக்கிற லென்ஸ்

எங்கள் வீட்டு மாடி அறையின் மேற்குச் சுவரில் ஒன்பது தினசரி காலண்டர் தாள்கள் ஒட்டியிருக்கின்றன. நடுவில் ஒன்று, நான்கு மூலைக்கு நான்கு, அவற்றுக்கு இடையில் நான்கு. எல்லாம் 2012 ஆனி மாதத்தில் கிழித்த தாள்கள். வெள்ளையடிக்க வந்தவர் இரண்டு தடவை அவற்றைச் சுரண்டப் பார்த்தார். இரண்டு தடவையும் குறுக்கே போய் நின்றேன். வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ பரிகாரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் மனைவியும் திருத்துவதில்லை. லென்ஸ் சோதிக்க ஒட்டியது என்று உண்மையைச் சொன்னால் அது பரிகாரத்தைவிட மோசமாகத் தெரியும் என்பது அவள் கணக்கு.

கும்பகோணத்தில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம்தான் சோறு போடுகிறது. கோயில், சிற்பம் என்று அலைவது என் சொந்தக் கிறுக்கு. 2012 வரை கையில் இருந்தது நிக்கான் டி700. 12 மெகாபிக்சல். மாப்பிள்ளை அழைப்பில் டியூப்லைட் வெளிச்சத்தில்கூட முகம் கறுக்காமல் எடுக்கும். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அப்போதுதான் ஆல்பங்கள் விரித்தால் பன்னிரண்டுக்கு முப்பத்தாறு அங்குலம் என்று பெருத்துக்கொண்டிருந்தன. டி700 கொடுக்கும் 4256 புள்ளிகளை அங்குலத்துக்கு 300 வீதம் அச்சடித்தால் பதினான்கு அங்குலம்தான் தேறும். மணமேடைப் படம் ஒன்றை இரண்டு பக்கத்துக்கும் இழுத்துப் போட்டால் சரிகை கூழாகிவிடும்.

அந்த வருடம் பிப்ரவரியில் டி800 அறிவிக்கப்பட்டது. 36.3 மெகாபிக்சல். வைகாசி முகூர்த்தங்களில் வந்த பணத்தோடு மனைவியின் இரண்டு வளையல்களையும் சேர்த்து, ஆனி பிறந்ததும் வாங்கினேன். பாடி மட்டுமே இரண்டு லட்சத்துக்கு மேல். புது லென்ஸுக்குக் காசு இல்லை. இருக்கிற லென்ஸே போதும் என்றும் நினைத்தேன்.

மூன்று மடங்கு துல்லியம் என்று கடைக்காரர் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் தெரிந்தது: 4256 புள்ளி 7360 ஆகியிருக்கிறது. நீளவாக்கில் ஒன்றே முக்கால் மடங்குகூட முழுதாக இல்லை. மும்மடங்கு என்பது பரப்பளவில். எட்டுக்குப் பத்து அடி அறையைப் பெரிதாக்கிக் கட்டினேன் என்று சொல்லும் மேஸ்திரிகளும் இந்தக் கணக்கைத்தான் போடுவார்கள். இதில் வில்லங்கம் வேறிடத்தில் இருந்தது. ஒவ்வொரு புள்ளியின் அகலமும் 8.45 மைக்ரானிலிருந்து 4.88 மைக்ரானுக்குச் சுருங்கிவிட்டது. முன்பு ஒரு புள்ளிக்குள் ஒளிந்துகொண்ட தப்பெல்லாம் இப்போது இரண்டு புள்ளிக்குப் பரவி வெளியே தெரியும். லென்ஸின் தப்பு, கையின் தப்பு, ஃபோகஸின் தப்பு எல்லாம்.

முதல் கல்யாணம் திருநாகேஸ்வரம் பக்கம். சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால் வழக்கமான குரூப் போட்டோ. மூன்று வரிசையில் முப்பத்து மூன்று பேர். ஒரு வருடம் முன்பு வாங்கிய சூம் லென்ஸை 28 மி.மீ.யில் வைத்து, எஃப் 4ல் எடுத்தேன். பத்து நாள் கழித்து ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க வந்தார்கள். பெரிய மானிட்டரில் நானே பெருமையாகப் பெரிதாக்கிக் காட்டினேன். முதல் தப்பு அதுதான். பெண்ணின் அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"தம்பி, எல்லார் மூஞ்சியும் பளிச்சுன்னு இருக்கு. எங்க வீட்டுக்காரர் மட்டும் ஏன் தண்ணிக்குள்ள நிக்கிற மாதிரி இருக்காரு?"

அவர் வலது கோடியில் நின்றவர். "சார் அசைஞ்சிருப்பாருங்கம்மா" என்று சொன்னேன். ஃபிளாஷ் அடித்து எடுத்த படத்தில் ஒருவர் மட்டும் அப்படி அசைந்திருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அத்தையிடம் சொல்லவில்லை. அவர்கள் போன பிறகு அந்தப் படத்தை இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்திப் பார்த்தேன். இடது கோடியில் நின்ற சித்தப்பாவின் மீசையை மயிர் மயிராக எண்ணலாம். நடுவிலும் அப்படியே. வலப்பக்கம் மூன்றாவது ஆளிலிருந்து முகம் கரைய ஆரம்பித்து, கோடியில் அத்தை வீட்டுக்காரர் உண்மையாகவே தண்ணீருக்குள் இருந்தார். டி700ல் இதே லென்ஸில் நூறு குரூப் எடுத்திருக்கிறேன். பழைய படங்களைத் தேடித் திறந்தேன். அவற்றிலும் வலது கோடி மங்கல்தான். கண்ணில் படாத அளவுக்கு மங்கல்.

ஆடி பிறந்தது. ஸ்டூடியோக்காரனுக்கு ஆடி என்றால் பாஸ்போர்ட் போட்டோ மாதம். மாடிச் சுவருக்கு வேலை வந்தது அப்போதுதான்.

லென்ஸ் சோதிப்பதற்கென்று கோடு கோடாக அச்சடித்த அட்டைகள் உண்டு. எனக்கு அவை கிடைக்கவில்லை. காலண்டர் தாள் இருந்தது. மேலே தேதி பூதாகாரமாக இருக்கும். கீழே போகப்போக எழுத்து சிறுத்து, ராகுகாலம், எமகண்டம், குளிகை, சூலம், கடைசியில் சந்திராஷ்டமம் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். ஒரே தாளில் அரை டஜன் அளவுகளில் எழுத்து. அதிலும் தமிழ் எழுத்து இந்த வேலைக்கென்றே செய்த மாதிரி. ரெண்டு சுழி ன, மூணு சுழி ண. அந்தச் சுழிகள் பிரிந்து தெரிந்தால் லென்ஸ் தேறிற்று. இரண்டும் ஒரே கொழுக்கட்டையாகத் தெரிந்தால் தோற்றது. ஆங்கில எழுத்தை வைத்துச் சோதித்திருந்தால் இத்தனை கண்டிப்பு வந்திருக்காது.

கேமரா சுவருக்கு நேர் எதிராக நிற்க வேண்டும். ஒரு பாகை சாய்ந்தாலும் ஒரு பக்கம் மங்கும், லென்ஸ் மேல் பழி விழும். அதற்கு ஒரு வழி: சுவரில் நடுத்தாளின் மேல் சவரக் கண்ணாடியை ஒட்டவைத்து, வ்யூஃபைண்டரில் பார்க்கும்போது லென்ஸ் தன் முகத்தையே கண்ணாடியின் நடுவில் பார்க்கும்படி ஸ்டாண்டை நகர்த்துவது. பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு, லைவ் வ்யூவில் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் வைத்து, மிரரைத் தூக்கி நிறுத்தி, கேமராவைத் தொடாமல் ரிமோட்டில் எடுக்க வேண்டும். எஃப் 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று வரிசையாக. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்த என் மகன், அப்போது அவனுக்கு ஆறு வயது, காலண்டரிலிருந்து ஏதோ வெளியே வரப்போகிறது என்று கதவருகே காத்திருந்தான்.

அந்த சூமில் ஏழு தாள்களில் ராகுகாலம் படிக்க முடிந்தது. வலது மேல்மூலையிலும் கீழ்மூலையிலும் தேதியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. எஃப் 8 வைத்தும் அந்த இரண்டு தாளும் தெளியவில்லை. இந்த மாதிரி சூமுக்குள் பதினைந்து, இருபது கண்ணாடிகள் அடுக்கியிருக்கும். கோயில் அபிஷேகத்துக்கு அடுக்குகிற குடங்களில் ஒன்று இம்மி விலகினால் மேலே இருப்பதெல்லாம் சாய்வதுபோல், அதில் ஒரு கண்ணாடி மையத்தைவிட்டு விலகினால் படத்தின் ஒரு பக்கம் போய்விடும். என் லென்ஸ் பிறக்கும்போதே அப்படித்தான் பிறந்திருக்கிறது.

கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். சென்னையில் அவர்களுடைய சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். மூன்று வாரம் வைத்திருந்து, எல்லாம் ஸ்பெசிஃபிகேஷனுக்குள்தான் இருக்கிறது என்று ஒரு தாளோடு திருப்பிக் கொடுத்தார்கள். விற்ற கடையில் போய் நின்றேன். கடைக்காரர் நல்ல மனுஷர். அதே மாடலில் இன்னும் இரண்டை எடுத்துக் கொடுத்து, "நீங்களே பாத்துக்குங்க சார்" என்றார். கையோடு கொண்டுபோன காலண்டர் தாள்களைக் கடையின் பின்கட்டுச் சுவரில் ஒட்டிப் பார்த்தேன். ஒன்றில் இடப்பக்கம் மங்கல். இன்னொன்றில் ஒன்பது தாளும் படிக்க முடிந்தது. ஒரே பெயர், ஒரே விலை, ஒரே டப்பா; மூன்றும் மூன்று விதம். அன்றிலிருந்து, "எந்த லென்ஸ் நல்லது?" என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் வருவதில்லை. உங்கள் கையில் இருக்கிற அந்த ஒன்றைக் காட்டுங்கள், சொல்கிறேன் என்பேன்.

டி800க்காக நிக்கான் ஒரு தொழில்நுட்பக் கையேடு வெளியிட்டிருந்தது. இந்தக் கேமராவுக்கு ஏற்ற லென்ஸ்கள் என்று அதில் ஒரு பட்டியல். எஃப் 2.8 சூம்கள், எஃப் 1.4 லென்ஸ்கள், ஆள் உயரத்துக்குக் குழாய் மாதிரி இருக்கிற டெலிகள். கூட்டிப் பார்த்தால் ஒரு வீடு கட்டலாம். பட்டியலைவிட எனக்குப் பிரயோஜனப்பட்டவை அதன் மற்றப் பக்கங்கள்: கை ஆட்டம், மிரர் அடிக்கிற அதிர்வு, ஃபோகஸ், அப்பெர்ச்சரை எவ்வளவு மூடலாம் என்பது. 55 மி.மீ. லென்ஸ் என்றால் அறுபதில் ஒரு நொடி போதும் என்று தொழில் பழகிய காலத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த சூத்திரம் இந்தக் கேமராவில் செல்லாது. குறைந்தது அதை இரட்டிக்க வேண்டும். நான் 250ல் ஒன்றுக்குக் கீழே இறங்க இன்றைக்கும் யோசிப்பேன்.

அப்பெர்ச்சர் விஷயத்தில் என் பழைய பழக்கம் ஒன்று உடைந்தது. குரூப் என்றால் எஃப் 16 வைத்து அடித்துவிடுவது ஃபிலிம் காலத்திலிருந்தே எங்கள் ஊர் வழக்கம். எல்லா வரிசையும் ஃபோகஸில் வரும். சுவரில் பார்த்தால் எஃப் 16ல் ஒன்பது தாளும் ஒரே சீராக மங்கின. லென்ஸ் எவ்வளவு உயர்ந்ததானாலும் அதே கதிதான். சின்னத் துளை வழியே போகிற ஒளி விரிந்துவிடும். எஃப் 8ல் ஒரு ஒளிப்புள்ளி சுமார் 11 மைக்ரான் வட்டமாக விழும். எஃப் 16ல் 21 மைக்ரான். டி800ன் புள்ளி 4.88 என்றால், எஃப் 16ல் நான்கு புள்ளி அகலத்துக்கு அது அப்பிக்கொள்ளும். 36 மெகாபிக்சலுக்குக் காசு கொடுத்துவிட்டு நாமே அதைக் குறைத்துக்கொள்கிற காரியம். எஃப் 5.6, 8, போனால் போகிறதென்று 11. அதற்கு மேல் மூடுவதில்லை.

ஆச்சரியம் கொடுத்தது என்னிடமிருந்த மலிவு லென்ஸ். பழையதாக நாலாயிரம் ரூபாய்க்கு வாங்கிய 50 மி.மீ. எஃப் 1.8டி. கையில் எடுத்தால் பிளாஸ்டிக் டம்ளர் மாதிரி இருக்கும். முழுக்கத் திறந்து எஃப் 1.8ல் எடுத்தால் மூலைகளில் ராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாது. எஃப் 5.6ல் ஒன்பது தாளிலும் சந்திராஷ்டமம்வரை படித்தேன். ண-வின் மூன்று சுழியும் தனித்தனி. அந்த இரவு தூக்கம் நன்றாக வந்தது.

அதிகப் புள்ளி கேமராவில் பழைய லென்ஸ் போட்டால் படம் முன்பைவிடக் கெட்டுப்போகும் என்று ஒரு பயம் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. அது தப்பு. அதே அளவு அச்சடித்தால் எந்த லென்ஸும் முன்பைவிட மோசமாகத் தெரியாது. திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிக்கொண்டு நாமேதான் பூதக்கண்ணாடி வைத்துக் குறை தேடுகிறோம். பெண் வீட்டார் ஆல்பத்தை மடியில் வைத்துப் பார்ப்பார்கள். மூக்கில் வைத்துப் பார்க்கமாட்டார்கள். ஆனால் இதை வைத்துக்கொண்டு நான் அந்த சூமை மன்னித்துவிடவில்லை. காரணம் மாஸ்டர்.

அதற்கு முன் கல்யாண வீட்டுச் சங்கடங்கள் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். டி800 வந்தபோதே டி800இ என்று ஒன்றும் வந்தது. படத்தை இம்மியளவு மழுக்குகிற வடிகட்டியின் வேலையை அதில் ரத்து செய்திருந்தார்கள். கூர்மை இன்னும் அதிகம். எனக்கும் சபலம் இருந்தது. ஆனால் பட்டுப்புடவையின் இழையும் சென்சாரின் கட்டமும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது, புடவையில் இல்லாத அலை அலையான நிறக்கோடுகள் படத்தில் வரும். ஐம்பதாயிரம் கொடுத்து எடுத்த முகூர்த்தப் புடவையில் நான் ஒரு பச்சை அலையைச் சேர்த்துக் கொடுத்தால் அவர்கள் என்னை விடுவார்களா? சாதா டி800 போதும் என்று முடிவு செய்தேன். கோயில் படம் மட்டும் எடுக்கிறவனாக இருந்திருந்தால் இ வாங்கியிருப்பேன். இன்னொன்று வைர மூக்குத்தி. 85 மி.மீ. லென்ஸை முழுக்கத் திறந்து வைத்து மணப்பெண்ணை எடுத்தால் மூக்குத்தியைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு ஓரம் படியும். ஃபோகஸுக்குச் சற்றுப் பின்னால் இருக்கிற ஜிமிக்கியில் அதுவே பச்சையாகும். எஃப் 4க்கு மூடினால் முக்கால்வாசி ஓடிவிடும். 85 வாங்கப்போகும்போது ஒரு கல் மூக்குத்தியைப் போட்டுக்கொண்டு வரும்படி மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் வேறு எதற்கோ என்று நினைத்துச் சந்தோஷமாக வந்தாள்.

மாஸ்டர் என்று நான் சொல்வது எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரை. அப்போதே அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. காலண்டர் கதையைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று போனேன். அவர் சிரிக்கவில்லை.

"ஏம்ப்பா, நம்ம கடைக்கு செத்தவங்க படம் எப்படி வரும்?"

எனக்குப் புரிந்துவிட்டது. யாராவது இறந்துபோனால், பதினாறாம் நாளுக்குள் மாலை போட ஒரு படம் வேண்டும் என்று வீட்டார் வருவார்கள். தனிப்படம் பெரும்பாலும் இருக்காது. ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவை மஞ்சள் பையிலிருந்து எடுத்து, விரலால் தொட்டு, "இவரை மட்டும் தனியா எடுத்துக் குடுங்க" என்பார்கள். பத்தில் ஏழு தடவை அந்த விரல் படத்தின் ஓரத்தில்தான் போய் நிற்கும். நடுவில் நிற்பவர்கள் மாப்பிள்ளையும் பெண்ணும் சம்பந்திகளும். அவர்களுக்கு நூறு படம் இருக்கும். கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்கிறவர், சமையற்கட்டிலிருந்து கடைசி நேரத்தில் கூப்பிடப்பட்டு ஓடிவந்தவர், நொடித்துப்போன சித்தப்பா, இவர்களெல்லாம் கோடியில் நிற்பார்கள். அவர்களுக்கு அது ஒன்றுதான் படம். "லென்ஸை நடுவுல வச்சுப் பாக்காத, ஓரத்துல வச்சுப் பாரு" என்றார் மாஸ்டர்.

2019ல் அந்தத் திருநாகேஸ்வரத்து அத்தை வந்தார். கூட அவர் மகன். குரூப் போட்டோ வேண்டியிருக்கவில்லை; என் ஹார்டு டிஸ்கிலேயே இருந்தது. வலது கோடி, மூன்றாவது வரிசை. என்னாலான எல்லா வித்தையும் செய்து பார்த்தேன். லென்ஸ் உள்வாங்காத விவரத்தைப் பின்னால் எதைக் கொண்டும் சேர்க்க முடியாது. பத்துக்குப் பன்னிரண்டில் போட்டுக் கொடுத்தபோது அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "அவருதான்னு தெரியுது. போதும் தம்பி" என்றார். காசு வாங்கவில்லை. அசைஞ்சிருப்பார் என்று ஏழு வருடம் முன்னால் சொன்ன பொய்யையும் திருத்தவில்லை.

அந்த 2012 ஆடிக்கே திரும்புகிறேன். நான் கிளம்பும்போது மாஸ்டர் உள்ளே போய், ஒரு மர பீரோவைத் திறந்தார். உள்ளே எப்போதும் ஒரு ஜீரோ வாட் பல்பு எரிந்துகொண்டிருக்கும். காவிரிக் கரை ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்காமலிருக்க அந்தக் காலத்து ஏற்பாடு. அங்கிருந்து ஒரு பிஸ்கட் டின், அதற்குள் மல்துணி, அதற்குள் ஒரு குட்டி லென்ஸ். மைக்ரோ நிக்கார் 55 மி.மீ. எஃப் 3.5. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவரிடம் எண்பதுகளில் வாங்கியது. பத்திரம், பட்டா, சர்டிபிகேட், கிழிந்த போட்டோ இவற்றைக் காப்பி எடுக்க மட்டும் வைத்திருந்தார். முன்கண்ணாடி கிணற்றுக்குள் இருப்பதுபோல் ஆழத்தில் இருக்கும். வெயில் தடுக்கத் தனியாக ஹுட்டே வேண்டாம். "எழுத்து படிக்கவே பொறந்த லென்ஸுப்பா இது" என்று சொல்லிக் கொடுத்தார்.

பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பின்னால் படித்தபோது அது சரித்திரமாகவே இருந்தது. 1956ல் இந்தப் பெயரில் முதல் லென்ஸ் ஜப்பானில் வந்தது, மைக்ரோஃபிலிமில் புத்தகப் பக்கங்களைப் படமெடுப்பதற்காக. ஆங்கில எழுத்துக்கு இருந்த லென்ஸ்கள் போதுமாயிருந்தன. ஒரே எழுத்துக்குள் இருபது கோடுவரை நெருக்கியடிக்கும் கான்ஜி எழுத்துக்கு (நம்மூர்க் கஞ்சி இல்லை) அவை போதவில்லை. அதனால் மேக்ரோ என்று உலகம் சொல்வதை அவர்கள் இன்றைக்கும் மைக்ரோ என்றே எழுதுகிறார்கள். நிக்கானின் எஃப் மவுண்ட் 1959ல் வந்தது. 1977க்குப் பிறகு வந்த ஏஐ வகை லென்ஸ்கள் டி800ல் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஃபோகல் லெங்த்தையும் அப்பெர்ச்சரையும் கேமராவுக்குச் சொல்லிவிட்டால் மீட்டரும் வேலை செய்யும். ஃபோகஸ் மட்டும் கையால்தான். சுவருக்குக் கொண்டுபோனேன். எஃப் 5.6ல் ஒன்பது தாளிலும் சந்திராஷ்டமத்துக்குக் கீழே அச்சகத்தின் பெயரைப் படித்தேன். அப்படி ஒரு வரி இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

அதே மாதத்தில் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் என்னைத் தாராசுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டாம் ராஜராஜன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எடுத்த ஐராவதேசுவரர் கோயில். 2004ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வருகிறவர்கள் தேர்ச்சக்கரத்தையும், ஒரு தலையில் யானையும் காளையும் தெரிகிற சிற்பத்தையும் படமெடுத்துக்கொண்டு போவார்கள். பேராசிரியருக்கு வேண்டியது விமானத்தைச் சுற்றியுள்ள அறுபத்துமூவர் சிற்பங்கள். சின்னச் சின்னக் கட்டங்களில் ஒவ்வொரு நாயன்மார் கதை. கூடவே யார் என்று பெயரும் வெட்டியிருக்கும். "படம் அழகா வேண்டாம் தம்பி. எழுத்து தெரியணும். ஒரு கோடு உளி வெட்டினதா, கல்லு பேந்ததான்னு எனக்குத் தெரியணும்" என்றார். என் வாழ்நாளில் இத்தனை தெளிவாக வேலை சொன்ன வாடிக்கையாளர் வேறு யாரும் இல்லை.

தொல்லியல் துறைக் கோயில்களில் முன்னனுமதி இல்லாமல் ஸ்டாண்ட் வைக்க முடியாது. உட்கார ஒரு மர முக்காலி எடுத்துப் போயிருந்தேன். காவலர் அதையும் பார்த்துவிட்டு, "ஸ்டாண்டுக்குத் தமிழ் முக்காலிதானே சார்?" என்று சிரித்துக்கொண்டே வெளியே வைக்கச் சொன்னார். சரியான பேச்சு. முதல் நாள் சாயங்காலம், மேகம். வடபுறச் சுவரில் நிழல். கையில் பிடித்து அறுபதில் ஒன்று, நூறில் ஒன்று என்று எடுத்தேன். வீட்டில் திரையில் பார்த்தால் அச்சகத்தின் பெயரைப் படித்த அதே லென்ஸ் ஒரு பெயரையும் உருப்படியாகப் படிக்கவில்லை. பாதிக் காரணம் என் கை. மறுபாதி வெளிச்சம். நேருக்கு நேர் மந்தமாக விழுகிற வெளிச்சத்தில் கருங்கல்லில் வெட்டிய எழுத்துக்கு நிழலே இல்லை. நிழல் இல்லாத எழுத்தை எந்த லென்ஸும் பார்க்க முடியாது.

பேராசிரியர்தான் சொன்னார்: ஆடி மாதம், சூரியன் இன்னும் நம் தலைக்கு வடக்கே இருக்கிறான்; வடக்குச் சுவரில் காலைவெயில் பக்கவாட்டில் வழியும். மார்கழியில் வந்திருந்தால் இந்தச் சுவர் நாள் முழுக்க நிழல்தான். மறுநாள் காலை ஏழரைக்குப் போய் நின்றோம். வெயில் சுவரோடு ஒட்டித் தடவிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு எழுத்தும் தன் நிழலைத் தானே ஊற்றிக்கொண்டு கறுப்பாக எழுந்தது. எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 400, ஐந்நூறில் ஒரு நொடி. ஸ்டாண்டுக்கு வேலையே இல்லை. உளி வெட்டின பள்ளத்தின் கரை கத்தி மாதிரி தெரிந்தது. கல் பெயர்ந்த இடத்தின் கரை மெல்லச் சரிந்து மங்கிற்று. நாற்பது நிமிடம் அந்த வெயில் இருந்தது. அந்த நாற்பது நிமிடத்துக்கு மூன்று நாள் தொடர்ந்து போனேன். ஏ3 அளவில் அச்சடித்துக் கொடுத்த தாள்களைப் பேராசிரியர் லென்ஸ் வைத்துப் படித்துக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி கொண்டுவந்த காபி ஆறிப்போனது.

2018ல் டி850க்கு மாறினேன். 45.7 மெகாபிக்சல். அதில் அந்த வடிகட்டி அறவே கிடையாது. புடவை அலையை இப்போது ஃபோட்டோஷாப்பில் துடைத்துக்கொண்டிருக்கிறேன். பையில் இப்போது இருப்பவை: 24-70 எஃப் 2.8 ஒன்று, கிட்டத்தட்ட ஒரு கிலோ, மூன்றில் தேர்ந்தெடுத்தது. 85 எஃப் 1.8. எஃப் 1.4க்கு ஆசைப்பட்டு வாங்கவில்லை. எப்படியும் எஃப் 4க்குத்தான் மூடப்போகிறேன் என்றபோது எதற்கு அந்தக் காசு? நாலாயிரம் ரூபாய் டம்ளர். மாஸ்டரின் 55. அவர் இப்போது இல்லை. பிஸ்கட் டின் என்னிடம் இருக்கிறது. தண்ணீருக்குள் ஆளை நிறுத்திய அந்த சூமை 12 மெகாபிக்சல் கேமரா வைத்திருந்த ஒரு தம்பிக்கு, வலப்பக்கம் மங்கும் என்று சொல்லித்தான் பாதி விலைக்கு விற்றேன்.

இப்போது எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எஸ்.எல்.ஆர். லென்ஸ்கள் செகண்ட் ஹேண்டில் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. பழைய டி800, டி850 வாங்குகிற சின்னப் பையன்கள் ஸ்டூடியோவுக்கு வந்து என்ன லென்ஸ் வாங்கலாம் என்று கேட்கிறார்கள். மாடிச் சுவரைக் காட்டி அனுப்புகிறேன். நீங்களும் வாங்கப்போவதாக இருந்தால், பையில் கேமராவோடு ஒன்பது காலண்டர் தாளும் ஒரு செல்லோ டேப்பும் ஒரு சவரக் கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய லென்ஸ் என்றால் கூடவே ஒரு டார்ச். பின்னாலிருந்து அடித்துப் பார்த்தால் பூஞ்சை சிலந்தி வலையாகத் தெரியும். சுவரில் ஒட்டக்கூடாது என்று கடைக்காரர் சொன்னால், ஷட்டரில் ஒட்டிக்கொள்கிறேன் என்று கேளுங்கள். அதற்கும் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.